பொட்டலத்தின் மேல் ஒரு பெயர்: இயன் மர்டாக்

உங்க வீட்டுப் பரணிலோ அலமாரியிலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்குதா? அண்ணனோ அக்காவோ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்ததாகக்கூட இருக்கலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று இன்னொரு இயங்குதளமும் போட்டுக் கொடுத்தார்கள். நம்மில் நிறைய பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டோம். பாஸ் லினக்ஸை உருவாக்கியது சென்னையில் இருக்கும் சி-டாக். அது நிற்கிற அஸ்திவாரம் டெபியன். டெபியன் என்ற அந்தப் பெயரே இரண்டு பேருடைய பெயர்களை ஒட்டி வைத்தது. முன்பாதி டெப்ரா. பின்பாதி, அப்போது டெப்ராவைக் காதலித்துக்கொண்டிருந்த இருபது வயதுக் கல்லூரி மாணவர் இயன். முழுப்பெயர் இயன் மர்டாக்.

லினக்ஸ் என்றால் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரைச் சொல்லாத ஆள் நம்ம கேம்பஸில் இல்லை. மர்டாக்கைச் சொல்பவர்கள் குறைவு. ஆனா உபுண்டு, மின்ட், காலி, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்று எதில் உட்கார்ந்து சூடோ ஆப்ட் இன்ஸ்டால் என்று அடித்தாலும், நீங்க நடக்கிறது அவர் போட்ட பாதையில்தான். அந்தப் பாதை எப்படிப் போடப்பட்டது, அதைப் போட்டவர் என்ன ஆனார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1973 ஏப்ரல் 28 அன்று, அப்போதைய மேற்கு ஜெர்மனியில் கோன்ஸ்டான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். அப்பா பூச்சியியல் ஆராய்ச்சியாளர், ஆராய்ச்சிக்காக அங்கே போயிருந்தவர். கொஞ்ச காலத்திலேயே குடும்பம் அமெரிக்கா திரும்பியது. அப்பா இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார், மகன் அந்தப் பல்கலைக்கழக ஊரிலேயே வளர்ந்தார். அப்பாவின் ஆய்வகத்துக்கு வந்த ஆப்பிள் 2 பிளஸ்தான் சிறுவன் இயனுக்கு முதல் கணினி. இருந்தாலும் பர்டூவில் சேரும்போது அவர் எடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, கணக்கியல். பாடத்தில் வந்த கோபால் வகுப்பு வழியாகத்தான் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினிகளுக்குப் பக்கத்தில் போனார். அங்கே யூனிக்ஸ் கண்ணில் பட்டது. அதுக்கு அப்புறம் கணக்கியல் நிற்கவில்லை. டிபார்ட்மென்ட் மாறி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வந்துவிட்டார்.

1993ன் தொடக்கம். வீட்டுக் கணினியிலேயே யூனிக்ஸ் மாதிரி ஒன்றை ஓட்டலாம், அதுக்குப் பேர் லினக்ஸ் என்று கேள்விப்படுகிறார். அவரிடம் சொந்தமாக பிசி கிடையாது. ஆனாலும் முப்பது பிளாப்பி உள்ள ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு லேப்புக்குப் போய், லினக்ஸை ஒவ்வொரு பிளாப்பியாக இறக்கி, நண்பர் ஒருவரின் கணினியில் போட்டுப் பார்த்தார். இன்றைக்கு ஹாஸ்டல் வைஃபை மெதுவாக இருக்கு என்று நாம புலம்புகிறோமே, அந்த முப்பது பிளாப்பியில் ஒன்று கெட்டாலும் அதை மறுபடி இறக்கணும்.

அப்போது அதிகம் புழங்கிய தொகுப்பு எஸ்எல்எஸ். லினக்ஸ் என்பது கண்டிப்பாகச் சொன்னால் கெர்னல் மட்டும்தான், அதாவது நடுவே இருக்கும் இன்ஜின். அதைச் சுற்றி கம்பைலர், ஷெல், எடிட்டர், நெட்வொர்க் கருவிகள் எல்லாம் சேர்ந்தால்தான் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு சிஸ்டம் கிடைக்கும். அப்படிச் சேர்த்துக் கொடுப்பதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். எஸ்எல்எஸ் அதைச் செய்தது, ஆனால் ஓட்டையும் ஒடசலுமாகச் செய்தது. ஒரு ஆள் மொத்தத்தையும் கட்டிக்கொண்டிருந்தார். பிழை சொன்னால் திருத்தம் வரும் என்று உத்தரவாதம் இல்லை. புதிய பதிப்பு வந்தால் பழையதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடணும்.

இந்த எரிச்சல் மர்டாக்குக்கு மட்டும் வந்ததல்ல. அதே 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸைச் சீர்செய்து ஸ்லாக்வேர் கொண்டுவந்தார். அதுவும் இன்னும் உயிரோடு இருக்கு. ஆனால் வோல்கர்டிங் தன் கையாலேயே திருத்தினார். மர்டாக் யோசித்தது வேறு மாதிரி. ஆகஸ்ட் 16 அன்று, எஸ்எல்எஸ்ஸைத் திருத்தாமல் அடியிலிருந்து புதிதாக ஒன்று கட்டப் போவதாக அறிவித்தார். கூடவே ஒரு கொள்கை அறிக்கையும் எழுதினார். அதன் சாரம் இதுதான்: டிஸ்ட்ரோ கட்டுவது பகட்டில்லாத வேலை, யாரும் தொடர்ந்து செய்ய விரும்பாத வேலை, ஒரே ஆளால் நன்றாகச் செய்யவும் முடியாது. கெர்னலை எப்படிப் பல பேர் சேர்ந்து எழுதுகிறார்களோ அதே மாதிரி டிஸ்ட்ரோவையும் பல பேர் சேர்ந்து கட்ட வேண்டும். அதுவும் திறந்த வெளியில்.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் முகம் பார்க்காத ஐம்பது பேர், வெவ்வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே சிஸ்டத்தின் துண்டுகளைத் தனித்தனியாகச் செய்து அனுப்பினால், அதெல்லாம் ஒன்றோடு ஒன்று எப்படிப் பொருந்தும்? மினி ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து எழுதிய கோடையே கடைசி நாள் ராத்திரி ஒட்ட முடியாமல் நாம முழிக்கிறோம். அவருடைய பதில்தான் பேக்கேஜ்.

தமிழில் பொட்டலம் என்று சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். டெப் என்று முடியும் ஒரு கோப்பை இறக்குகிறீர்களே, அதைப் பிரித்துப் பாருங்க. உள்ளே மூணே மூணு கோப்புகள். ஒன்று, இந்தப் பொட்டலம் எந்த வடிவத்தில் கட்டப்பட்டது என்று சொல்லும் எண். இன்னொன்று, டிஸ்க்கில் எங்கெங்கே என்னென்ன போய் உட்காரணுமோ அந்தச் சரக்கு. மூன்றாவதுதான் முக்கியம், மேலே ஒட்டிய சீட்டு மாதிரி. பேக்கேஜின் பெயர் என்ன, பதிப்பு என்ன, எந்த வகை ப்ராசஸருக்கு, இது ஓட வேறு எதெல்லாம் முன்னாடியே இருக்கணும், இதுக்குப் பொறுப்பாளர் யார் என்று அதில் எழுதியிருக்கும்.

நம்ம ஊர் மளிகைக் கடையை வைத்துச் சொல்கிறேன். டிபிகேஜி என்பது கடை அண்ணாச்சி. துவரம்பருப்பு இல்லாமல் சாம்பார் பொடியை மட்டும் கட்டித் தரச் சொன்னால் தர மாட்டார், பருப்பு எங்கே என்று கேட்டு நிறுத்திவிடுவார். ஆனால் பருப்பை வாங்கி வர அவர் போக மாட்டார். அதுக்கு ஓடுகிற பையன்தான் ஆப்ட். அந்தப் பையன் ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தான், 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1ல். அதுவரை அண்ணாச்சியோடு நேரடியாக மல்லுக்கட்டியவர்கள் எவ்வளவு திட்டியிருப்பார்கள் என்று யோசிச்சுக்கோங்க.

டிபிகேஜியின் முதல் வடிவத்தை மர்டாக் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக எழுதினார். 1994 ஜனவரியில் வந்த டெபியன் 0.91லேயே பேக்கேஜ்களைப் போடவும் எடுக்கவும் ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. பிறகு அது பெர்லுக்கு மாறியது. அதன் பிறகு இன்னொரு இயன், இயன் ஜாக்சன், அதை சி மொழியில் திரும்ப எழுதினார். இன்றைக்கு நாம பயன்படுத்துவது அந்த இரண்டாவது இயனுடைய வழியில் வந்தது. ஆக, கோடைப் பொறுத்தவரை மர்டாக் பெரிய ஜாம்பவான் இல்லை. இதைச் சொல்வதில் அவருக்கு ஒரு குறையும் வராது. அவர் கொண்டுவந்த பெரிய விஷயம் கோடு இல்லை, அந்தச் சீட்டின் ஒரு வரி: பொறுப்பாளர் யார்?

1994 முழுக்க அவர் பெரும்பாலும் செய்தது, மற்றவர்கள் வந்து வேலையைப் பிரித்துக்கொள்ள வசதியாக ஏற்பாடுகளைச் செய்ததுதான். ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு ஆளுக்கு. அந்த பேக்கேஜில் பிழை வந்தால் அந்த ஆள் பதில் சொல்லணும். 1994 நவம்பர் முதல் ஒரு வருஷத்துக்கு, ரிச்சர்ட் ஸ்டால்மேனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை டெபியனுக்குப் பண உதவி செய்தது. 1996 ஜூனில் வந்த டெபியன் 1.1ல் 474 பேக்கேஜ்கள் இருந்தன. ஏன் 1.0 இல்லாமல் நேரே 1.1 என்று கேட்டால், சிடி போட்டு விற்கும் ஒரு நிறுவனம் முடிக்காத பதிப்பை 1.0 என்று முன்கூட்டியே சந்தையில் விட்டுவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று அந்த எண்ணையே தாண்டிவிட்டார்கள்.

ஆனா அந்த ஜூனில் தலைவர் மர்டாக் இல்லை. அதற்குச் சில மாதம் முன்பே பொறுப்பை ப்ரூஸ் பெரென்ஸிடம் கொடுத்துவிட்டார். அதே 1996ல்தான் அவர் பர்டூவில் பட்டம் வாங்குகிறார். யோசிச்சுப் பாருங்க, டிகிரி முடிப்பதற்குள் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கி, வளர்த்து, விட்டும் கொடுத்தாகிவிட்டது. பெரென்ஸ் அப்போது பிக்சார் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். டெபியன் பதிப்புகளுக்கு இன்றுவரை டாய் ஸ்டோரி படத்துப் பாத்திரங்களின் பெயர் வைப்பது அதனால்தான். அவர் காலத்தில் 1997ல் டெபியனின் சமூக ஒப்பந்தம் வந்தது. 1998ல் ஒரு அரசியலமைப்பும் வந்தது. அதிலிருந்து தலைவரை வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுவனர் என்று மர்டாக்குக்கு எந்த வீட்டோவும் கிடையாது. லினக்ஸ் உலகில் பல திட்டங்கள் தொடங்கியவரின் முடிவோடு கட்டுண்டு கிடக்கும். டெபியன் மூன்றாவது வயதிலேயே தன்னை ஆரம்பித்தவர் இல்லாமல் நடக்கப் பழகிவிட்டது. என் கணக்கில் அவர் செய்த காரியங்களிலேயே பெரியது இதுதான்.

இப்போ கொஞ்சம் அந்தப் பழைய லேப்டாப் பக்கம் போவோம். இதெல்லாம் அதில் எப்படித் தெரியும்?

2008, 2009 வாக்கில் வந்த டெல், எச்பி லேப்டாப்கள் பலவற்றில் பிராட்காம் வைஃபை சிப் இருக்கும். அந்த நிறுவனம் அப்போது லினக்ஸுக்கு விவரம் தரவில்லை. வெளியாட்கள் சிப்பின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே பி43 என்ற டிரைவரை எழுதினார்கள். டிரைவர் கெர்னலுக்குள் வந்துவிட்டது. ஆனால் சிப்புக்குள்ளேயே ஓடுகிற ஃபர்ம்வேர் என்று ஒன்று வேண்டும், அது பிராட்காமின் சொத்து. அதைப் பொட்டலத்துக்குள் வைத்து விநியோகிக்க உரிமை இல்லை. டெபியன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபர்ம்வேர் இல்லாத ஒரு பேக்கேஜைக் கட்டினார்கள். நீங்க அதைப் போடும்போது, அது இணையத்துக்குப் போய் வேறு வேலைக்காக வெளியிடப்பட்ட ஒரு டிரைவர் கோப்பை இறக்கி, அதற்குள்ளிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுத்து உரிய இடத்தில் வைக்கும். சட்டத்தையும் மீறவில்லை, வைஃபையும் வேலை செய்யுது. ஒரே சிக்கல், வைஃபை வேலை செய்ய இணையம் வேணும், இணையத்துக்கு வைஃபை வேணும். நம்மாட்கள் செல்போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டுவார்கள்.

வேறு சில சிப்களுக்கு பிராட்காமே கொடுத்த டிரைவர் ஒன்று உண்டு. அது கெர்னலோடு சேர்ந்து வராது. உங்க கெர்னலுக்குத் தகுந்த மாதிரி உங்க கணினியிலேயே கம்பைல் ஆகணும். கெர்னல் மாறினால் மறுபடி கம்பைல் ஆகணும். இதைத் தானாகச் செய்ய டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு டெல் நிறுவனத்தில் உருவாகி எல்லா டிஸ்ட்ரோவுக்கும் பரவியது. ராத்திரி அப்டேட் போட்டுத் தூங்கி எழுந்தால் வைஃபை காணாமல் போகிற அனுபவம் உங்களுக்கு இருக்குதா? பெரும்பாலும் புதிய கெர்னலின் ஹெட்டர் பேக்கேஜ் இறங்கியிருக்காது, டிகேஎம்எஸ்ஸுக்கு கம்பைல் பண்ண வழி இருந்திருக்காது. ஹெட்டர் பேக்கேஜைப் போட்டால் சரியாகிவிடும்.

இந்த டிரைவர் எதையும் மர்டாக் எழுதவில்லை. ஆனால் இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால், காசு வாங்காமல், அந்தச் சீட்டில் தன் பெயரைப் போட்டுக்கொண்ட ஒரு ஆளோ சின்னக் குழுவோ இருக்கு. லேப்டாப் செய்த நிறுவனம் மூன்றாவது வருஷமே அதை மறந்துவிடும். அதுக்கு அப்புறம் அந்த மெஷின் எத்தனை வருஷம் ஓடும் என்பது ஸ்க்ரூவிலும் பேட்டரியிலும் மட்டும் இல்லை.

பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. பழைய என்விடியா கார்டுகளுக்கான 340 வரிசை டிரைவருக்கு நிறுவனம் 2019 இறுதியில் ஆதரவை நிறுத்தியது. மூலக்கோடு திறந்து இல்லாததால் வெளியாட்களாலும் முழுசாகத் திருத்த முடியாது. டெபியன் 10ல் இருந்த அந்த பேக்கேஜ் 11ல் இல்லை. அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் நூவோ என்ற திறந்த டிரைவருக்குப் போனார்கள். அது வேகத்தில் கொஞ்சம் மட்டு, ஆனால் திருத்த ஆள் உண்டு. அதைவிடப் பெரிய வெட்டு 2025 ஆகஸ்டில் விழுந்தது. டெபியன் 13ல் பழைய 32 பிட் பிசிகளுக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. அந்த மெஷின்களுக்குக் கடைசிப் புகலிடம் டெபியன் 12. அதற்கும் நீட்டித்த ஆதரவு 2028 ஜூன் வரைதான். யாரும் கெட்ட எண்ணத்தில் வெட்டவில்லை. ஓடாததைச் சோதித்துத் திருத்தும் ஆட்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

சில சமயம் கொள்கையே குறுக்கே நின்றதும் உண்டு. திறந்த மூலம் அல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இன்ஸ்டால் கோப்பில் வைக்க மாட்டோம் என்று டெபியன் பல வருஷம் பிடிவாதமாக இருந்தது. லேப்டாப்பில் போட முயன்ற புதியவர்கள் பாதியிலேயே வைஃபை இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். 2022ல் ஓட்டெடுப்பு நடத்தி மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் உள்ளேயே வருது. அந்த ஓட்டெடுப்பில் தோற்ற பக்கத்தின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த நியாயம் வைஃபை தராது.

மர்டாக் கதைக்குத் திரும்புவோம். டெபியனை விட்ட பிறகு அவர் வாழ்க்கை அவ்வளவு நேராகப் போகவில்லை. 2000ல் இண்டியானாபொலிஸில் ப்ரொஜெனி என்ற கம்பெனி தொடங்கினார். டெபியனை அடிப்படையாக வைத்து வியாபாரம் செய்வது நோக்கம். டாட்காம் குமிழி வெடித்த நேரம். முதலில் நினைத்த திட்டம் கைவிடப்பட்டது, பிறகு இன்னொன்று, அதன் பிறகு இன்னொன்று. ஏழு வருஷம் தாக்குப்பிடித்து 2007ல் மூடப்பட்டது. நடுவில் 2004ல் உபுண்டு வந்து, டெபியனை எடுத்து சாதாரண ஆட்கள் கையில் கொடுத்துவிட்டது. தான் கட்டியதை வைத்துத் தன்னால் செய்ய முடியாததை இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நாம ஊகிக்கத்தான் முடியும். வெளியில் அவர் கவலைப்பட்டது வேறு ஒன்றுக்கு: உபுண்டு பேக்கேஜ் டெபியனில் ஓடாமல், டெபியன் பேக்கேஜ் உபுண்டுவில் ஓடாமல் இரண்டும் பிரிந்து போய்விடக் கூடாது என்பதற்கு.

அதே கவலைதான் அவரை அடுத்த வேலைக்கும் கொண்டுபோனது. எல்லா லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கும் பொதுவான ஒரு அடிப்படைத் தரம் வகுக்கும் எல்எஸ்பி முயற்சிக்குத் தலைமை தாங்கினார். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்தத் தரம் பொதுவான பேக்கேஜ் வடிவமாகத் தேர்ந்தெடுத்திருந்தது டெப்பை அல்ல, ரெட் ஹேட்டின் ஆர்பிஎம்மை. டெப்பின் தகப்பன் ஆர்பிஎம் பந்தியில் பரிமாறினார். சண்டை போட்டு விலகவில்லை. யாருடைய பொட்டலம் என்பதைவிட பொட்டலம் எல்லா வீட்டிலும் பிரியுதா என்பதுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டிருக்க வேண்டும். இருந்தும் அந்தத் தரம் நடைமுறையில் பெரிதாக எடுபடவில்லை.

2007 மார்ச்சில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்தார். சோலாரிஸ் என்ற பெரிய, வயசான யூனிக்ஸை லினக்ஸ் மாதிரி எளிதாகப் போட்டுப் பழகும்படி மாற்றுவது வேலை. திட்டத்துக்குச் சொந்த மாநிலத்தின் பெயரே, ப்ராஜெக்ட் இண்டியானா. 2008ல் ஓப்பன்சோலாரிஸ் என்று வெளியானது, புதிதாக எழுதிய பேக்கேஜ் ஏற்பாட்டோடு. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அந்த வருஷமே மர்டாக் வெளியேறினார், ஓப்பன்சோலாரிஸும் முடிந்துபோனது. வெளியாட்கள் அதை எடுத்து ஓப்பன்இண்டியானா என்ற பெயரில் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையில் டெப்ராவும் அவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். பெயர் மட்டும் ஒட்டியபடியே இருக்கு.

2011 முதல் இண்டியானாபொலிஸில் எக்சாக்ட்டார்கெட் என்ற கம்பெனியில் சில வருஷம். பிறகு 2015 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டாக்கரில் சேர்ந்தார். டாக்கர் தெரியும்தானே? அதுவும் பொட்டலம்தான், ஆனால் வேறு தத்துவம். டெபியன் முறையில் பருப்பை எல்லாப் பொட்டலமும் பொதுவில் பகிர்ந்துகொள்ளும். டாக்கர் முறையில் ஒவ்வொரு பொட்டலமும் தனக்கு வேண்டிய பருப்பு, புளி, அடுப்பு எல்லாவற்றையும் தன்னோடு சுமந்துகொண்டே வரும். இடம் அதிகம், தலைவலி குறைவு. 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்புக்கு முதல் முறைதான் தோது. பெரிய சர்வர்களுக்கு இரண்டாவது. இருபது வருஷம் முதல் முறையோடு வாழ்ந்தவர் இரண்டாவது முறையை வைத்து என்ன செய்திருப்பார் என்று பார்க்க ஆசையாக இருந்திருக்கும்.

அவர் அங்கே இருந்தது சில வாரங்கள்தான். 2015 டிசம்பர் 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். வயது 42. கடைசி நாட்களில் போலீசாரோடு ஏற்பட்ட ஒரு மோதலைப் பற்றி இணையத்தில் மிகவும் கலங்கிய நிலையில் எழுதியிருந்தார். தற்கொலை என்று 2016ல் மருத்துவ அறிக்கை முடிவு செய்தது. அந்த நாட்களைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட கதைகள் சுற்றுது, அதுக்குள் நான் போகப் போவதில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது மனசு தாங்க முடியாத பாரமாக இருந்தால், டெலி மானஸ் எண் 14416. ராத்திரி எத்தனை மணிக்கும், தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம்.

அவர் இறந்த அடுத்த நாள் டெபியனில் எதுவும் நிற்கவில்லை. 2017 ஜூனில் வந்த டெபியன் 9ஐ அவருக்குச் சமர்ப்பித்தார்கள். 474 பேக்கேஜில் ஆரம்பித்தது டெபியன் 12ல் 64,000ஐத் தாண்டிவிட்டது. 2023 செப்டம்பரில் அதன் உலக மாநாடு நமக்குப் பக்கத்தில் கொச்சியிலேயே நடந்தது. பொறுப்பாளர் கைவிட்ட பேக்கேஜ்களை அநாதை என்று குறித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், யார் வேணும்னாலும் பார்க்கலாம். அதிலிருந்து ஒன்றைத் தத்தெடுக்க அமெரிக்காவில் இருக்கணும் என்றோ, டிகிரி முடித்திருக்கணும் என்றோ விதி இல்லை. முதலில் ஒரு சின்ன பேக்கேஜில் திருத்தம் அனுப்புங்க, டெபியன் டெவலப்பர் ஒருவர் அதைச் சரிபார்த்து ஏற்றுவார், போகப் போகச் சீட்டில் உங்க பெயர் வரும்.

டெபியன் வழி வந்த எந்தக் கணினி கையில் இருந்தாலும் ஒன்று செய்து பாருங்க. டெர்மினலைத் திறந்து, ஆப்ட் ஷோ என்று அடித்து, பக்கத்தில் உங்க வைஃபை ஃபர்ம்வேர் பேக்கேஜின் பெயரைக் கொடுங்க. வரும் வரிகளில் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயரோ ஒரு குழுவோ இருக்கும். அப்படியே யுஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் டாக் என்று போய், டிபிகேஜி ஃபோல்டரில் காப்பிரைட் என்ற கோப்பைத் திறங்க. இயன் ஜாக்சன் இருப்பார், அவருக்குப் பின் வந்த நிறைய பேர் இருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே 1994 என்ற ஆண்டோடு இயன் மர்டாக் என்றும் ஒரு வரி இருக்கும்.